காலையில் மறந்துவிடுகிற கம்ப்யூட்டர்

போன திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கீபோர்டில் ஒரே பட்டனை டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தேன். மரங்கொத்தி பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. எங்கள் வீதியில் மூன்றாவது வீட்டில் இருக்கும் சாந்தாமணியுடையது.

"இன்னும் வேகமாத் தட்டோணுமுங்களாக்கா?" என்று பக்கத்தில் நின்றபடி கேட்டார் அவர்.

"தட்டிப் பாப்போம் அம்மிணி" என்றேன்.

எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் பத்தி எழுதி எழுதி அந்த முகம் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

எதற்காக இந்தத் தட்டல்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சாந்தாமணியைச் சொல்ல வேண்டும்.

சாந்தாமணி பேட்டர்ன் போடுகிறவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்காக… நீங்கள் போட்டிருக்கும் டீ-ஷர்ட்டின் தையலைப் பிரித்தால் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, ஒரு கழுத்துப்பட்டி என்று துண்டு துண்டாகக் கிடக்கும். அந்தத் துண்டுகளை எந்த வளைவில், எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் பேட்டர்ன். கொஞ்சம் தப்பினால் குழந்தையின் தலை கழுத்து வழியாக நுழையாது. இப்போதெல்லாம் இதைக் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள்.

பதினெட்டு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் இந்த வேலை பார்த்தார். பதவி — அசிஸ்டென்ட். பேட்டர்ன் மாஸ்டர் என்று வேறொருவர் இருந்தார். அவர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கம்பெனி முழுக்க நடப்பார். உட்கார்ந்து வரைவது சாந்தாமணி. வரைந்ததைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு பெயர் அச்சாகும். அது மாஸ்டரின் பெயர்.

இரண்டு வருடம் முன்பு அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மூடும்போது முதலாளி, "இது இனி யாருக்கு அம்மிணி… நீயே வெச்சுக்க" என்று பேட்டர்ன் கம்ப்யூட்டரையும் அதிலிருந்த சாஃப்ட்வேரையும் சாந்தாமணிக்கே கொடுத்துவிட்டார். கூடவே ஒரு டாங்கிள். பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைச் செருகினால்தான் அந்த சாஃப்ட்வேர் வாயைத் திறக்கும்.

வீட்டின் முன் அறையில் அதை வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வேலையாகச் செய்துவந்தார். அப்போதுதான் வந்தது பெரிய வேலை.

அந்தப் பழைய கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டு பையர் இருந்தார். கைக்குழந்தை உடுப்பு வாங்குகிறவர். அவர் இப்போது வேறொரு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் ஒரு நிபந்தனையும் போட்டார். 'பழைய உடுப்பில் இருந்த அதே ஃபிட் வேண்டும், கூடுதலாக இரண்டு பெரிய சைஸ் வேண்டும்.' அந்த ஃபிட் யாரிடம் இருக்கிறது? சாந்தாமணியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

புதுக் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் தூத்துக்குடிக்காரர். தேடி வந்து கேட்டார். வெள்ளிக்கிழமை துணி வெட்ட வேண்டும், வியாழன் சாயங்காலத்துக்குள் பேட்டர்ன் கையில் வேண்டும். சரியாகப் போட்டுக் கொடுத்தால் இனிமேல் வருகிற எல்லா ஸ்டைலும், அதாவது எல்லா உடுப்பு மாடலும், சாந்தாமணிக்குத்தான்.

இதே நேரத்தில் இன்னொரு கம்பெனியும் அவரைக் கூப்பிட்டிருந்தது. மாதச் சம்பளம், காலையில் வேன் வரும். வேலை? மறுபடியும் அசிஸ்டென்ட். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இந்த ஒரு ஸ்டைலு நல்லபடியா முடிஞ்சா நானே தனியா நின்னுக்குவனுங்க்கா. இல்லீன்னா வேனுதானுங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

சொல்லி இரண்டாவது நாள், அந்தப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கருகல் வாசனை. அவ்வளவுதான்.

நல்ல வேளை, ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் அதிலிருந்த ஃபைல்களை எடுத்து, செகண்ட் ஹேண்டில் வேறொரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார். வேகமான கம்ப்யூட்டர்தான், புது விண்டோஸ் போட்டிருந்தார். இங்கேதான் சிக்கல். சாந்தாமணியின் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதியதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

என் பழைய கட்டுரைகள் எல்லாம் ஒரு அரதப் பழைய தமிழ் ஃபான்ட்டில் இருக்கின்றன. அவற்றைத் திறக்க என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். வெளியே புது விண்டோஸ் ஓடும். அதற்குள் ஒரு ஜன்னலில் பழைய விண்டோஸ் தனியாக ஓடும். உள்ளே இருப்பதற்குத் தான் வேறொரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறோம் என்றே தெரியாது. இதற்கான சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது.

சாந்தாமணிக்கு இதை விளக்கினேன். அரை நிமிடம் யோசித்தார்.

"நம்ம கம்பெனி ஷெட்டுக்குள்ளயே இன்னொருத்தரு மெஷினு போட்டு அவரு தனியா ஓட்டிக்கற மாதிரிங்களா?"

அதேதான். நான் பத்து நிமிடம் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"நான் பாத்துக்கறேன் அம்மிணி, கவலைப்படாதே" என்றேன். இப்படித்தான் திங்கட்கிழமை காலை அங்கே போய் உட்கார்ந்தது.

விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கினேன். சிவப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. 'விர்ச்சுவலைசேஷன் பயாஸில் டிசேபிள் செய்யப்பட்டிருக்கிறது' என்று. என் வீட்டில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை. அங்கே யாரோ புண்ணியவான் ஏற்கெனவே அதை எனேபிள் செய்து வைத்திருந்தார் போல.

விஷயம் என்னவென்றால்… ஒரு கம்ப்யூட்டர் தனக்குள் இன்னொன்றை ஓட்ட, அதன் பிராசஸரில் அதற்கான வசதி வேண்டும். பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் பல கம்ப்யூட்டர்களில் அந்த வசதியை ஆஃப் செய்தே விற்கிறார்கள். ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அதை ஆன் செய்ய, விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே பயாஸ் என்ற அடித்தளத்துக்குள் போக வேண்டும். கம்ப்யூட்டர் உயிர் வந்து எழும் அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் குறிப்பிட்ட ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். சிலவற்றில் டெலிட், சிலவற்றில் எஃப் டூ. தவறவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

அதற்குத்தான் அந்த மரங்கொத்தி வேலை.

நான்காவது முறை கதவு திறந்தது. நீலத் திரை, வெள்ளை எழுத்து. அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில், பிராசஸருக்கான பகுதியில், பதினைந்து இருபது வரிக்கு நடுவே ஒளிந்திருந்தது. விர்ச்சுவலைசேஷன் — டிசேபிள்டு. அதை எனேபிள்டு என்று மாற்றி, எஃப் டென் அழுத்தி, சேவ் செய்து வெளியே வந்தேன்.

இந்த முறை சிவப்பு வரவில்லை. விர்ச்சுவல் மெஷின் தொடங்கியது. சாந்தாமணி பத்திரமாக வைத்திருந்த சிடியிலிருந்து பழைய விண்டோஸை ஏற்றினோம். பிறகு பேட்டர்ன் சாஃப்ட்வேர். பிறகு டாங்கிள். மதியம் மூன்று மணிக்குத் திரையில் ஒரு குழந்தை உடுப்பின் முன்பக்கம் வந்து நின்றது.

சாந்தாமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் உள்ளே போய் எனக்கு ஒரு பெரிய டம்ளரில் காபி கொண்டுவந்தார்.

எனக்கு? சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் முழுக் கதையையும் இரண்டு முறை சொன்னேன். "சரி, ரசம் ஊத்து" என்றார் அவர்.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நீலத் திரைக்குள் எப்படிப் போனேன், எதை மாற்றினேன் என்று சாந்தாமணிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை? பெருமைதான், வேறென்ன. தெரிந்த ஒன்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க்கா… திரும்பியும் ஓப்பன் ஆவ மாட்டீங்குதுங்க. சேப்பா அதே எழுத்து வருதுங்க."

போனேன். நீலத் திரைக்குள் நுழைந்து பார்த்தால், விர்ச்சுவலைசேஷன் — டிசேபிள்டு.

நேற்று நான் சரியாக சேவ் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சேவ் செய்யாமல் நேற்று எப்படி ஓடியது? அந்தக் கேள்வி வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. திரும்ப எனேபிள் செய்தேன். ஓடியது. சாந்தாமணி அன்று நாள் முழுக்க உட்கார்ந்து, கூடுதல் சைஸ் இரண்டில் ஒன்றை முடித்துவிட்டார்.

அன்று காலை நான் இன்னொரு காரியமும் செய்தேன். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அந்த நீலத் திரைக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டேன். சாந்தாமணியிடம் சொல்லாமல். தெரியாத்தனமாக அவர் கை எங்கேயாவது பட்டுவிடுகிறது போல, பூட்டி வைத்தால் பட முடியாதே என்ற நல்லெண்ணம்.

நல்லெண்ணமாம்.

புதன்கிழமை காலை ஒன்பதே கால். போன் அடித்தது.

"கெரகம் புடிச்சது… இன்னைக்கும் அதேதானுங்க்கா."

போனேன். பட்டனைத் தட்டினேன். நீலத் திரை உடனே திறந்துகொண்டது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. உள்ளே, டிசேபிள்டு.

கொஞ்சமாவது மூளை உள்ளவர் என்ன நினைத்திருக்க வேண்டும்? 'பாஸ்வேர்டே காணாமல் போயிருக்கிறது என்றால், இந்த மெஷினுக்கு வேறு ஏதோ கோளாறு' என்று நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது வேறு. 'ஓஹோ, பாஸ்வேர்டையே எடுத்துவிட்டாளா?'

"அம்மிணி, நேத்து நான் போனதுக்கப்பறம் இதுல எதையாச்சும் அமுக்குனியா?"

"இல்லீங்க்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தன்னால எப்படி மாறும்? யாரோ மாத்துனாத்தானே மாறும்?"

"நான் எதுவும் தொடலீங்க்கா" என்றார். ஒரு துணியை எடுத்து, சுத்தமாகவே இருந்த மானிட்டரைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதே என் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கடிக்கவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க, அது மதர்போர்டு போறதுக்கு அறிகுறியுங்க. எப்ப வேணா நின்னுக்குமுங்க. கொண்டாந்து குடுத்துருங்க, சனிக்கெழமை பாத்துத் தந்தர்றனுங்க" என்றார், அவ்வளவு மரியாதையாக.

சனிக்கிழமை. துணி வெட்டுவது வெள்ளிக்கிழமை.

நான் செட்டிங்கை மாற்றிவிட்டேன், அன்றைக்கு ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் சாந்தாமணியின் கை மவுஸ் மேல் அசையாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன். சாந்தாமணி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நாளைக்கு சாயங்காலம் வந்துரும்லா? எம்.டி. என்னையப் போட்டு வாட்டுதாவ. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் வேற மாஸ்டரப் பாத்துக்கிடுதேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள உறுதியாச் சொல்லிப்போடறனுங்க" என்று வைத்துவிட்டார்.

"எதுக்கு அம்மிணி? ஓடுதே, சரின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நாளைக்குப் பாதில நின்னு போச்சுன்னா என்னங்க்கா பண்றது? வெள்ளிக்கெழமை அங்க டேபிள்ல துணிய விரிச்சு வெச்சுட்டு அத்தனை ஆளும் என்ற பேட்டர்னுக்காக நின்னுக்கிட்டிருப்பாங்க. இதைய நம்பி எப்படிங்க வாக்குக் குடுக்கறது?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையல் ஓடவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி போனேன். சாந்தாமணி இரண்டாவது சைஸையும் முக்கால்வாசி முடித்திருந்தார். ஆனால் முகம் சரியில்லை.

"முடியாதுன்னு சொல்லிப்போடலாம்னு இருக்கறனுங்க்கா. அவிங்களாச்சும் வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

செய்த வேலையை சேவ் செய்தார். உள்ளே இருந்த விண்டோஸை மூடினார், வெளியே இருந்ததை மூடினார். டாங்கிளைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டார். நாற்காலியை உள்ளே தள்ளினார். எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு. பிறகு கதவுப் பக்கம் போய், சுவரில் இருந்த, அந்த அறைக்கான மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். அறையே அடங்கிப்போனது.

"எதுக்கு மெயினை அணைக்கறே?"

"பழக்கமுங்க்கா. கம்பெனில ஒருக்கா பஞ்சுத் தூசில தீப்புடிச்சுப் போச்சுங்க. அதுலயிருந்து கடைசியாப் போறவிங்க மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் போகோணும். என்னைக்கும் கடைசியாப் போறது நான்தானுங்களே. இப்ப ஊட்டுலயும் கை தன்னால அங்க போயிருது."

பனியன் கம்பெனிகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். எங்கே பார்த்தாலும் பஞ்சு பறக்கும் ஊர் இது. ஒரு பொறி போதும்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு மைக்ரோவேவ். கரண்ட் போய் வந்தால் அதன் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்து பன்னிரண்டு மணி என்று கண்ணைச் சிமிட்டும். கரண்ட் போனால் மறக்கிறது…

"அம்மிணி, காலைல கம்ப்யூட்டரை ஆன் பண்ணுனா தேதி சரியாக் காட்டுதா?"

"இல்லீங்க்கா. என்னமோ எந்தக் காலத்து வருசமோ காட்டுமுங்க. போன்ல பாத்து நானே மாத்திக்குவனுங்க."

"தினமுமா?"

"தெனமும்தானுங்க. ஆன் பண்ணுன ஒடனே இங்கிலீசுல நாலு வரி வரும். கடைக்காரரு, எஃப் ஒன் அமுத்துங்க, ஒண்ணும் ஆவாதுன்னாருங்க. அமுத்துவேன், போயிரும்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"உங்களுக்கு இருக்கற வேலைல இதுக்கெல்லாம் வேற தொந்தரவு குடுக்கறதுங்களா…"

இதுதான் எங்கள் ஊர். ஒருவரை அரைமணி நேரம் வரவழைத்துத் தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சத்தில், சொல்ல வேண்டிய அரை வரியை மரியாதைக்காக விழுங்கிவிடுவது. நான் வருவதற்குள் தேதியை மாற்றி, நாலு வரியையும் அனுப்பிவிட்டு, மெஷினைத் தயாராக வைத்திருப்பார். அதனால் என் கண்ணில் எதுவுமே படவில்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. மெயினை அணைத்தாலும் தேதியையும் இந்த மாதிரி செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் அல்லவா… பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பகலெல்லாம் சுவரிலிருந்து கரண்ட் வருவதால் தெரியவில்லை. சாந்தாமணி மெயினை அணைத்ததும் அது தேதியை மறந்தது, என் செட்டிங்கை மறந்தது, நான் திருட்டுத்தனமாகப் போட்ட பாஸ்வேர்டையும் மறந்தது. மறந்துவிட்டு, காலையில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி டிசேபிள்டு என்று எழுந்து உட்கார்ந்தது.

ஆறு இருபது. வீட்டுக்கு ஓடினேன். அந்த அளவு பேட்டரி எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷினைக் கவிழ்த்துப் பேட்டரியைக் கழற்றினேன்.

"அது எதுக்கு?" என்றார்.

"அவசரம்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. எடை பார்க்கும் மெஷின் ஓடாததில் அவருக்குத் துக்கம் எதுவும் தெரியவில்லை.

சாந்தாமணி வீட்டில் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து மூடியைத் திறந்து, செத்த பேட்டரியை எடுத்துவிட்டு இதை வைத்தோம். ஆன் செய்து நீலத் திரைக்குள் போனோம். இந்த முறை நாற்காலியில் சாந்தாமணி, பக்கத்தில் நின்றது நான். பட்டனை அவரே தட்டினார். முதல் தடவையிலேயே திறந்துவிட்டது. மரங்கொத்தி வேலையெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. பிராசஸர் பகுதியைக் கண்டுபிடித்து, எனேபிள்டு என்று மாற்றி, தேதியையும் சரிசெய்து, சேவ் செய்தார். பிறகு எல்லாவற்றையும் மூடி, மெயினை இறக்கினோம்.

இப்போதாவது நினைவில் வைத்திருக்கிறதா என்று பார்க்க, கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்குச் சொல்ல முடிந்தது.

"அம்மிணி, நேத்து உனக்குத் தெரியாம இதுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு வெச்சேன். காலைல வேற உன்னயத்தான் சந்தேகப்பட்டேன். தப்புதான். மனசுல வெச்சுக்காதே."

சாந்தாமணி சிரித்தது கேட்டது.

"உடுங்க்கா. ஒரு தையலு பிரிஞ்சாலே மொதல்ல எந்த டெய்லருன்னுதான கேப்பாங்க. ஊசி மொட்டையான்னு பொறவுதானுங்க பாப்பாங்க. கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போச்சுங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. நானும் பன்னிரண்டு வருடம் எக்ஸ்போர்ட் ஆபீஸில் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓடும் மெர்ச்சண்டைசராக இருந்தவள். எத்தனை முறை 'எந்த டெய்லர்?' என்று கேட்டிருப்பேன். ஊசியைப் பார்க்கச் சொன்னதாக ஒரு முறைகூட ஞாபகம் வரவில்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்கு மெயினைப் போட்டோம். கம்ப்யூட்டர் எழுந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி வரவில்லை. தேதி சரியாக இருந்தது. விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கினார் சாந்தாமணி. சிவப்பு இல்லை. பழைய விண்டோஸ், டாங்கிள், குழந்தை உடுப்பு… எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

ஏழு மணிக்கு மேனேஜரைக் கூப்பிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் தந்தர்றனுங்க" என்றார். அந்தக் குரலில் 'பாக்கலாம்' இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதே கால். போன் அடிக்கவில்லை. ஒன்பதரை ஆனது, பத்தும் ஆனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். முன் அறையில் சாந்தாமணி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு அம்மிணி, போனே காணோம்?"

"ஓப்பன் ஆயிருச்சுங்களே. அப்பறம் எதுக்குங்க உங்களைத் தொந்தரவு பண்றது?"

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. பின் சீட்டில் நீளமாக ஒரு பேப்பர் ரோல். பிரிண்ட் போடும் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார். கம்பெனியில் கொடுப்பதற்கு முன்னால் எனக்குக் காட்ட வேண்டுமாம். எங்கள் டைனிங் டேபிளில் ஒரு முனையை மட்டும் விரித்தார். குட்டிக் கைகள், குட்டிக் கழுத்து, குட்டி இடுப்பு… ஒன்றோடொன்று இடிக்காமல் நெருக்கிப் படுத்திருந்தன.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரிய தத்துவம் ஒன்று நெஞ்சில் திரண்டுவிட்டது. "பாத்தியா அம்மிணி… எல்லாம் அதுக்குள்ளயேதான் இருந்திருக்கு. யாரோ ஆஃப் பண்ணி வெச்சுட்டாங்க, அது கிடக்குது அப்படியே. எங்க இருக்குன்னு தெரியாமத்தான் இத்தனை பாடு" என்று ஆரம்பித்தேன்.

சாந்தாமணி ஓரத்தைக் காட்டினார். தாளின் விளிம்பில், சைஸ் விவரத்துக்குக் கீழே, பெயர் அச்சாகியிருந்தது. சாந்தாமணி. மாஸ்டரின் பெயர் இல்லை.

"பேரை எங்க மாத்தறதுன்னு எப்பக் கண்டுபுடிச்சே?" என்று கேட்டேன்.

"அது பதினெட்டு வருசமாவே தெரியுமுங்க்கா. இன்னைக்குத்தான் மாத்துனேன்" என்று ரோலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் என்னவோ பெரிய செட்டிங்கைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.